அடுத்தவர் திரையில் என் அம்புக்குறி

மார்ச் 3

பெரியப்பாவின் கணினியில் வலது ஓரத்தில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஏதோ எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறதாம். விண்டோஸ் 11 வைத்திருக்கிறார். தூரத்திலிருந்தே அடுத்தவர் கணினியைப் பார்த்துக் கையாள உதவும் குயிக் அசிஸ்ட் செயலி அதிலேயே இருப்பதால் புதிதாக எதையும் இறக்கச் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு எனக்கு இருந்தால் போதும், அவருக்குத் தேவையில்லை. ஆனால் இணைவதற்கு நான் தரும் குறியீடு 10 நிமிடம்தான் உயிரோடு இருக்கும்.

"பெரியப்பா, கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ. மூணையும் சேர்த்து அழுத்துங்க."

"அழுத்திட்டேன்டா. க்யூன்னு எழுத்துதான் வருது."

இணைப்பு கிடைப்பதற்குள் முதல் குறியீடு காலாவதி. உள்ளே போய்ப் பார்த்தால் வைரஸ் எதுவும் இல்லை. எப்போதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது "அலோ" கொடுத்திருக்கிறார். குரோம் அமைப்புகளில் அதைத் தடுத்ததும் நின்றுவிட்டது. தொலைபேசியில் வழி சொன்ன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, சரிசெய்ய.

மார்ச் 9

இதேபோல் இங்கிருந்தே சித்தியின் பிரிண்டருக்கு டிரைவர் (அதைக் கணினி இயக்கத் தேவையான மென்பொருள்) போடும்போது என் பக்கம் திரை கறுத்துவிட்டது. சித்தி பக்கம் ஒன்றும் கெடவில்லை, "இந்த நிரலை அனுமதிக்கலாமா?" என்ற கேள்வி அங்கே நின்றுகொண்டிருந்தது. விண்டோஸ் அந்தக் கேள்வியைத் தனியாக ஒரு பாதுகாப்பான திரையில் காட்டுகிறது. தூரத்தில் இருப்பவர் அதைப் பார்க்கவும் முடியாது, "யெஸ்" அழுத்தவும் முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அழுத்த வேண்டும்.

அந்தக் கேள்விக்கான பாதுகாப்பு அமைப்பை ஒரு படி இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று சிலர் சொல்வார்கள். நான் இறக்குவதில்லை. என்னைத் தடுக்கும் கதவுதான் திருடனையும் தடுக்கிறது.

மார்ச் 14

மேக் வைத்திருக்கும் நண்பன். திரை தெரிகிறது, மவுஸ் மட்டும் நகர மறுக்கிறது. மேக்கில் திரையைப் பார்க்க ஒரு அனுமதி, கையாள 'ஆக்ஸஸிபிலிட்டி' என்று இன்னொரு அனுமதி. இரண்டாவதைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

மார்ச் 15

நேற்றைய நண்பன் கேட்கிறான்: அலுவலகத்தில் வேறு கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்தானே, அதையே ஏன் எல்லோருக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது? முதலில், விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் அப்படி நுழையவே முடியாது. ப்ரோவாக இருந்தாலும் நான் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். நான் என்ன செய்கிறேன் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? முடிந்தவரை மவுஸையே அவர்களிடம் விட்டுவிட்டு நான் வேடிக்கைதான் பார்க்கிறேன். அதற்கு வெறும் திரைப் பகிர்வே போதும். ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் அதன் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பதெல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது.

மார்ச் 22

அத்தைக்கு ஓர் அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியை இறக்கி அதில் வரும் எண்ணைப் படிக்கச் சொன்னார்களாம். இறக்கியும் விட்டார். எண்ணைச் சொல்லும் முன் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொல்ற மாதிரியேதான்டா சொன்னான். அதான் நம்பிட்டேன்."

சுருக்கென்றது. எண்ணைச் சொல், அனுமதி கொடு என்று நான் பழக்கிய அதே வரிசை. செயலியை நீக்க வைத்தேன். அப்புறம் ஓர் ஏற்பாடு: உதவி வேண்டுமென்றால் அவர்தான் என்னைக் கூப்பிட வேண்டும். தானாக வரும் அழைப்பில் யார் குறியீடு பற்றிப் பேசினாலும் வைத்துவிட வேண்டும்.

"நீயே கூப்பிட்டா?"

"என்னையும் கட் பண்ணிட்டு, உங்ககிட்ட இருக்கிற என் நம்பருக்குத் திரும்பக் கூப்பிடுங்க அத்தை."