தெரியாது என்று அழுத்தினேன்

கல்லூரி தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது, எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஆன்லைனில் அலெக்ஸ் (ALEKS) என்ற தேர்வு எழுத வேண்டுமாம். அதிகபட்சம் 30 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 100 வரை. நாம் தரும் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வருகிறது, அதனால் இன்னொருவருக்கு வந்தது நமக்கும் வரும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் நாமே கணக்கைப் போட்டு விடையை டைப் செய்ய வேண்டும்.

முதல் தடவை எதையும் புரட்டிப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். பின்னம், இருபடிச் சமன்பாடு வரை சரி. மடக்கை (logarithm) வந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு மடக்கைகளைக் கூட்டினால் உள்ளே இருக்கும் எண்கள் பெருக்கப்படும் என்ற அடிப்படை விதிகூட நினைவுக்கு வரவில்லை, போன வருடம்தான் படித்தேன்! கூகுளில் தேடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. தேடவில்லை. தெரியாது என்ற பொத்தானை அழுத்தினேன். ஏமாற்றி நுண்கணித வகுப்பில் போய் உட்கார்ந்தால், முதல் வாரத்திலேயே திணறப்போவது நான்தானே?

52 வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பத்து நாள், தேர்வோடு வரும் பயிற்சிப் பகுதியில் தினமும் ஒரு மணி நேரம், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மறுபடி எழுதியபோது 71. மடக்கை இப்போது பயமில்லை. முக்கோணவியல் இன்னும் உதைக்கிறது, அதனால் நுண்கணிதத்துக்கு முந்தைய வகுப்பையே எடுத்திருக்கிறேன்.