நயாகரா போனாலும் சீசன் கேட்டுட்டு போங்க

ஜூன் பொறந்தா போதும், சென்னை மதுரைன்னு இருக்குத சொந்தக்காரங்க எல்லாம் போன் போட்டு கேக்குத ஒரே கேள்வி குத்தாலத்துல தண்ணி விழுதான்னுதான். மெயின் அருவில ஆர்ச்சைத் தாண்டி கொட்டுச்சுன்னா குளிக்க விடமாட்டாங்க, சாரல் இல்லைன்னா பாறையில நூல் மாதிரி வடியும், அதனால கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க. ஆனா வெளிநாட்டு அருவின்னா மட்டும் டிக்கெட் எப்ப கம்மியோ அப்ப கிளம்பிருதாங்க, எனக்கு அதுதான் தாங்கல.

நயாகராவையே எடுத்துக்கோங்க, அங்க தண்ணி விழுதது ஒப்பந்தப்படி. 1950ல அமெரிக்காவும் கனடாவும் பேசி முடிச்சது, டூரிஸ்ட் சீசன்ல பகல்ல செகண்டுக்கு 1,00,000 கன அடி விழணும், ராத்திரியும் குளிர்காலத்துலயும் 50,000 போதும், மிச்சத்தை கரண்ட் எடுக்க திருப்பிக்கிடுவாங்க. பாபநாசம் டேம்ல எத்தனை கன அடின்னு தினம் பேப்பர்ல பாக்குத நமக்கு இது சட்டுன்னு புரியும். 1969ல அமெரிக்கப் பக்கத்து அருவியை அணை கட்டி சில மாசம் சுத்தமா நிறுத்தியே வச்சிருந்தாங்க, அடியில விழுந்து கிடந்த பாறையை ஆராயணும்னு.

வெனிசுலா ஏஞ்சல் அருவி 979 மீட்டர், உலகத்துலயே உசரம், ஆத்துல தண்ணி இருந்தாத்தான் படகு போவும், அதனால மழைக்காலம்தான் தோது.

எனக்கு ரொம்ப பிடிச்சது விக்டோரியா அருவி. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவுல, அகலம் 1,700 மீட்டருக்கு மேல, உசரம் 108 மீட்டர். அங்க மழை நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வாக்குல ஓஞ்சிரும், ஆனா அருவி பொங்குதது ஏப்ரல்ல, ஏன்னா ஜாம்பசி ஆறு மேல பெரிய சமவெளியில பரந்து தேங்கி நின்னு மெதுவாத்தான் இறங்கி வருது. அந்த நேரம் போனா தண்ணிப்புகை அப்படி எழும்பும், எதிர்த்தாப்புல நிக்குத அருவியே கண்ணுக்குத் தெரியாது, எதிர்க்கரையில இருக்குத காடு வருசம் பூரா பச்சையா நிக்குததே அந்த தூவானத்துலதான். பௌர்ணமி அன்னைக்கு ராத்திரி அந்தப் புகையில வானவில் விழும், நிலா வெளிச்சத்துல வானவில், அதைப் பாக்கணும்னா தண்ணி நிறைஞ்ச மாசத்துலதான் போவணும்.

அக்டோபர் நவம்பர்ல ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான், அப்ப போறவங்க ஜிம்பாப்வே பக்கம் ரூம் போடுங்க, அங்க வருசம் முழுக்க தண்ணி விழும்.