மறுக்க இடம் வைத்துக் கேட்பது

கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, கூடவே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர். ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டு இந்தக் கோலத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் நம் பக்கத்தில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. மருத்துவ ஆய்வுகளிலும் பள்ளிக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகளிலும் களப்பணியாளராக இருந்து, பிறகு மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்தவள் நான். என்னை அதிகம் கவலைப்பட வைத்தவர்கள் உடனே தலையாட்டுகிறவர்கள்தான்.

சிலர் நம்மை கவர்மென்ட் ஆள் என்று நினைக்கிறார்கள். மாட்டேன் என்றால் ரேஷன் கார்டில் சிக்கல் வருமோ, முதியோர் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயம். சிலருக்கு வாசலுக்கு வந்தவரை அப்படியே திருப்பி அனுப்ப மனசு வராது. "இவ்வளவு தூரம் வந்து கேக்குற, நான் என்ன தாயி சொல்லப் போறேன், எங்க கை நாட்டு வைக்கணும்?" என்று சம்மதப் படிவத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே விரலை நீட்டும் பாட்டிகள் உண்டு. படிக்கத் தெரியாதவர் கை நாட்டு வைத்தால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. சாட்சியைத் தேடி ஆள் அனுப்பினால், "அதெல்லாம் எதுக்கு, நான் சொன்னா சொன்னதுதான்" என்று பாட்டிக்குக் கோபம் வந்துவிடும்.

இந்த அவசரச் சம்மதத்தால் ஆய்வு எப்படிக் கெடுகிறது என்பதைச் சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பில் கண்கூடாகப் பார்க்கலாம். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். "எதுவும் சாப்பிடலையேம்மா?" என்றால் "இல்லையே" என்பார். ஊசியைப் பிரிக்கும்போது பின்னால் நிற்கும் மருமகள், "அத்தை, காப்பி குடிச்சீங்களே" என்பாள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வெறும் வயிறு எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் முந்தின நாளே இதைச் சொன்னால், "அப்படின்னா எனக்கு ஆகாதும்மா" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டால் குளுக்கோஸைக் குடித்துவிட்டு நடுவிலேயே கிளம்பிவிடுவார். முதலாமவர் பங்கேற்கவில்லை என்று ஒழுங்காகப் பதிவாகிறார். இரண்டாமவரோ பாதி எண்ணோடு தொங்கிக்கொண்டிருக்கிறார். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் அறிவித்தது. அந்த மாதிரி எண்களெல்லாம் இப்படிப்பட்ட காலை நேரங்களிலிருந்துதான் வருகின்றன.

இந்த வேலையின் பெருமையும் எனக்குத் தெரியும். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியபோது, சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில், படுக்கை கிடைப்பதே குதிரைக் கொம்பு. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவரவர் நெரிசலான வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் சத்தான சாப்பாடும் குறைவு. இருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உடன் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இதற்குப் பின்னால் வீடு வீடாகப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்கள், மருந்து உள்ளே போனதா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீர் வாங்கிச் சோதித்தவர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களும் இருந்தன. மருத்துவ வரலாற்றில் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. சிறுமிகள் சிலர் இறந்ததற்குத் தடுப்பூசியோடு தொடர்பு இருப்பதாக விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆனாலும் நல்ல தடுப்பூசி ஒன்றின் மீது விழுந்த சந்தேகம் பல வருஷம் போகவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு வாசற்படியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது எங்களைப் போன்றவர்கள்தான்.

பள்ளியில் இது இன்னும் நுட்பமானது. தலைமையாசிரியர் "தாராளமா பண்ணிக்கோங்க" என்று சொன்னதோடு அனுமதி முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, 7 வயது நிறைந்த பிள்ளையிடமும் இசைவு கேட்க வேண்டும். 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். வகுப்பறையில் டீச்சர் எதிரில் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அதனால்தான் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோதிப்பது எனக்குப் பிடிக்கும். அங்கேயும் ஒரு சிரமம் உண்டு. வாசிப்பு அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது அட்டையைப் பார்க்காது, எதிரே நிற்கும் அம்மாவின் உதட்டைப் பார்க்கும். அம்மா சத்தம் வராமல் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். இது பரீட்சை இல்லை, உங்கள் பிள்ளையின் பெயர் எங்கேயும் வராது, பிடிக்கவில்லை என்றால் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். பிள்ளை தனக்குத் தெரிந்ததை மட்டும் வாசிக்கும். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு, பள்ளி திறந்த 6 மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அதில் ஏறக்குறைய கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்று காட்ட அந்தப் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் இருந்திருக்காவிட்டால் இப்படி ஒரு கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வில் களப்பணியாளர்களுக்குக் கையெழுத்தான படிவத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தார்கள். முதல் மாதம் எண்கள் எகிறின. ஆறாவது மாதம் இரண்டாம் சுற்றுக்குப் போனபோது பூட்டிய வீடுகள், மாறிய போன் நம்பர்கள், "அவரு ஊர்ல இல்லம்மா" என்று உள்ளே இருந்து வரும் பதில்கள். முகத்துக்கு நேரே மறுக்க முடியாதவர்கள் இப்படித்தான் மறுப்பார்கள். இதை எங்கள் கூட்டங்களில் பங்கேற்பாளரின் ஒத்துழையாமை என்று பேசும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மறுக்கிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சமும் இல்லாத பட்டியல் வந்தால் நான் முதலில் அந்தப் பணியாளரோடுதான் ஒரு நாள் கூடப் போவேன்.

கேட்பதில் மிகக் கடினமான இடம், உங்களுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம் என்று சொல்வது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஒரு பிரிவில் குடும்பம் முழுக்க உணவு, மற்றதில் நோயாளிக்கு மட்டும். குடும்பம் முழுக்கச் சாப்பிட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் எங்கள் மாதிரி ஆட்கள் நோயாளிக்கு மட்டும் என்ற பிரிவில் விழுந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இது நாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை, குலுக்கிப் போட்டதில் வந்தது என்று விளக்க வேண்டும். பசி உள்ள வீட்டில் அதைச் சொல்வது லேசில்லை. அதைக் கேட்ட பிறகும் சரி என்பவரின் வார்த்தைக்குத்தான் எடை.

ஆய்வு முடிந்து ரொம்ப நாள் கழித்துச் சந்தையில் பார்க்கும்போதும் கேட்கிறார்கள், "அன்னிக்கு எடுத்தியே ரத்தம், என்னதான் கண்டுபிடிச்சீங்க?" என்று. கட்டுரை வெளிநாட்டு இதழில் ஆங்கிலத்தில் வந்திருக்கும். ஊருக்கு ஒரு கூட்டம், இரண்டு பக்கம் தமிழில் அச்சடித்த தாள், அதைப் படித்துச் சொல்ல ஒரு பணியாளர்: இதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே நிதி விண்ணப்பத்தில் எழுதிக் கேட்டால்தான் உண்டு. ரத்தம் பிடிக்கும் குழாய்க்கும் பெட்ரோலுக்கும் தனித்தனியே இடம் இருக்கிற அந்தச் செலவுப் பட்டியலில், முடிவைத் திருப்பிச் சொல்வதற்கும் ஓர் இடம் சேர்க்கச் சொல்லி இப்போது ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.