கரண்ட் வந்தால் கணக்கும் எழ வேண்டும்

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு ஸ்டாக் கணக்குப் பார்க்கும் பைதான் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஓடுவது கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் உபுண்டு (லினக்ஸ்) மெஷினில். டேட்டாபேஸ் மாடியில் வேறொரு மெஷினில். இடிமழையில் கரண்ட் போய் வந்தால் எல்லாம் தானாக எழ வேண்டும். கல்லாவில் இருக்கும் அக்கா பாஸ்வேர்டு தேடி நிற்கக் கூடாது.

முதல் வேலை பயாஸில், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில். கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாக ஆன் ஆகும்படி அங்கே ஒரு செட்டிங் உண்டு. அது இல்லாமல் வேறெதுவும் பயன்படாது.

நோஹப் போட்டு ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. அந்தக் கட்டளையால் டெர்மினலை மூடினாலும் புரோகிராம் ஓடும். மெஷின் அணைந்தால் அதோடு முடிந்தது. புரோகிராம்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி உபுண்டுவில் 2015 முதல் இயல்பாகவே இருக்கிறது, அதனிடம் ஒப்படைப்பதே சரி. எதை, எப்படி ஓட்டுவது என்று எழுதிய ஒரு சின்ன சர்வீஸ் ஃபைல் போதும். அதில் யூசர் வரியை விட்டுவிட்டால் புரோகிராம் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும். கடைக் கணக்குக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு? 'ஸ்டார்ட்' கட்டளை இப்போதைக்கு மட்டும் ஓட்டும். 'எனேபிள்' கொடுத்தால்தான் அடுத்த பூட்டில் எழும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. எதற்குப் பிறகு எழ வேண்டும் என்று சர்வீஸ் ஃபைலில் சொல்லும் 'ஆஃப்டர்' வரி ஒரே மெஷினுக்குள் மட்டுமே வரிசை பார்க்கும். மாடியில் இருக்கும் மரியாடிபி டேட்டாபேஸ் எழுந்ததா என்று அதற்குத் தெரியாது. திடீரென்று அணைந்த டேட்டாபேஸ் தன் தரவைச் சீர்செய்துகொண்டு எழ நேரம் எடுக்கும். அதற்குள் நம் அப்ளிகேஷன் இணைப்புக் கிடைக்காமல் விழும். விழுந்தால் மறுபடி தொடங்கச் சொல்லும் 'ரீஸ்டார்ட் ஆன் ஃபெயிலியர்' போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது. மறுமுயற்சிக்கு முன் சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருப்பது 100 மில்லி செகண்ட்தான். 10 செகண்டுக்குள் 5 தடவை தொடங்கியும் நிலைக்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். அப்புறம் டேட்டாபேஸ் எழுந்தாலும் அப்ளிகேஷன் எழாது.

'ரீஸ்டார்ட்செக்' 5 என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் முன் 5 செகண்ட் காத்திருக்கும். 10 செகண்டுக்குள் 5 தடவை என்ற எல்லையையே அது தொடாது. டேட்டாபேஸ் வரும்வரை விடாமல் முயலும்.

இதைச் சோதிக்க ரீபூட் கட்டளை போதாது, அது எல்லாவற்றையும் முறையாக நிறுத்தி எழுப்பும். பேக்கப் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டேன். "கடை சாத்தினதும் செஞ்சிக்கப்பா" என்றார். இரண்டு மெஷினுக்கும் சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டோம். லாகில் சில தோல்விகள், பிறகு இணைப்பு. கீபோர்டை யாரும் தொடவில்லை.