அப்போமேட்டாக்ஸ் கவுண்டியின் மூன்று நீதிமன்றக் கட்டடங்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லிஞ்ச்பர்க் நகரில் எனக்கு வேலை. நகருக்குள் வீடு தேடிக் கட்டுப்படியாகாமல், கிழக்கே இருக்கும் அப்போமேட்டாக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி) ஒரு பழைய வீட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கினோம். கவுண்டி முழுவதற்கும் மக்கள்தொகை ஏறத்தாழ 16,000. நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றிலேயே அதைவிடக் கூட்டம் இருக்கும். ஆனாலும் அதற்கென்று தனி நீதிமன்றம், காவலைக் கவனிக்கத் தனி ஷெரீப், கார் வைத்திருப்பதற்குக்கூட ஆண்டுதோறும் வரி கேட்கும் தனி வரி அலுவலகம் எல்லாம் உண்டு. வீட்டுப் பத்திரத்தைப் பதிவதும், திருமண உரிமம் வழங்குவதும், உயிலை ஏற்பதும் நீதிமன்ற எழுத்தரின் அலுவலகம்தான். அந்த எழுத்தரையும் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கு வம்பு எதுவும் இல்லாத புதுக் குடித்தனக்காரனும் முதலில் படியேற வேண்டிய இடம் நீதிமன்றமே என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

அக்கம்பக்கத்து நான்கு கவுண்டிகளிலிருந்து நிலம் பிரித்து 1845இல் அப்போமேட்டாக்ஸ் கவுண்டியை உருவாக்கியபோது, மாநிலத் தலைநகரான ரிச்மண்டையும் லிஞ்ச்பர்கையும் இணைத்த குதிரைவண்டிச் சாலையில் இருந்த குளோவர் ஹில் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகத் தேர்ந்தார்கள். 1819இலிருந்து அங்கே ஒரு பயணியர் விடுதி நடந்துவந்தது. 1846இல் செங்கல்லால் இரண்டு தளங்களுடன் நீதிமன்றம் எழும்பியது. மேல்தளத்துக்கு வெளிப்புறப் படிக்கட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு செல்லும் சாலை, எதிரே சிறை. ஊரின் பெயரும் அப்போமேட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்றே மாறியது. மாதம் ஒருமுறை நீதிமன்றம் கூடும் நாளில் சுற்றுவட்டாரமே அங்கே திரண்டு, வழக்கு, கடன், மாட்டு வியாபாரம், அரசியல் பேச்சு அனைத்தையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளும். நம்மூர்ச் சந்தை நாளைப் போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள் என்பதையும், வர்ஜீனியாவின் நீதிமன்ற வாசல்களில் மனிதர்களையே ஏலம் விட்டார்கள் என்பதையும் ஒதுக்கிவிட்டு அந்த நாளின் கலகலப்பை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஊரின் சரிவு, பின்னாளில் நீதிமன்றத்தை எரித்த தீ விபத்துக்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். 1854இல் போடப்பட்ட ரயில் பாதை ஊருக்குள் வராமல் ஏறத்தாழ மூன்று மைல் மேற்கே விலகிச் சென்றது. அங்கே எழுந்த நிலையத்தை ஒட்டிக் கடைகள் முளைக்க, குதிரைவண்டிச் சாலை வெறிச்சோடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஏப்ரல் 8 மாலை, தென்மாநிலங்களின் தளபதி லீயின் படைக்கு உணவு ஏற்றிவந்த ரயில்களை வடக்குப் படையைச் சேர்ந்த கஸ்டரின் குதிரைப்படை பிடித்ததும் அந்த நிலையத்தில்தான். மறுநாள் லீ, வடக்குப் படையின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் நீதிமன்றம் பூட்டியிருந்தது. தலைவர்கள் இருவரும் வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு முன்னறையில் அமர்ந்து பேசினார்கள். ஊரின் பெயரை வைத்து, சரணாகதி நீதிமன்றத்தில் நடந்ததாகவே இன்றும் பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

1892இல் நீதிமன்றம் எரிந்தது. கட்டடத்தோடு கவுண்டியின் ஆவணங்களில் பெரும்பகுதியும் சாம்பலாயின. அதே இடத்தில் மீண்டும் கட்டாமல், தலைமையிடத்தையே ரயில் நிலையத்தை ஒட்டி வளர்ந்திருந்த ஊருக்கு மாற்றி, அதே ஆண்டில் அங்கே புதிய செங்கல் நீதிமன்றத்தை எழுப்பினார்கள். பழைய ஊர் அதன்பின் தேறவே இல்லை. மறு ஆண்டே மெக்லீனின் வீட்டை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கும் திட்டத்தில் சிலர் பிரித்துப் போட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டு, செங்கற்களும் மரங்களும் போட்ட இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தன. மத்திய அரசின் பூங்காத் துறை அந்த வீட்டை மீண்டும் கட்டி 1949இல் திறந்தது; 1846ஆம் ஆண்டு நீதிமன்றத்தின் வெளித்தோற்றத்தை 1964இல் அதே இடத்தில் மறுபடி உருவாக்கியது. அதில் வழக்கு எதுவும் நடப்பதில்லை. கீழே வரவேற்பு மேசை, மேலே அருங்காட்சியகம். வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்வதெல்லாம் இந்த மூன்றாவது கட்டடத்தின் முன்தான்.

பத்திரப்பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் ஊரிலிருந்து வந்தபோது அங்கேதான் முதலில் அழைத்துச் சென்றேன். மரியாதைக்குச் சுற்றிப் பார்த்தவர், "இது பொம்மைங்க மாப்பிள்ளை. பதிவு நடக்கிற இடத்தக் காட்டுங்க" என்றார். 1892ஆம் ஆண்டு நீதிமன்றம் இருக்கும் வளாகத்துக்குப் போனோம். பதிவேடுகளை யாரும் கேட்டுப் பார்க்கலாம். இரும்பு உருளைகள் பொருத்திய அடுக்குகளில் படுக்கவைத்திருக்கும் அந்தப் பெரிய புத்தகங்களை இழுத்துச் சாய்வு மேசையில் கிடத்தி, விற்றவர் பெயர் வரிசை ஒன்று, வாங்கியவர் பெயர் வரிசை ஒன்று என இரண்டு அட்டவணைகள் இருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வில்லங்கம் பார்க்கும் முறை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. நான்கெல்லை எழுதும் விதத்தை மட்டும் ரசித்துப் படித்தார்: ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை கோல் சென்று, நட்ட கல்லில் திரும்பி, ஓடையோடு இறங்குவதாகப் பழைய பத்திரங்கள் சொல்லும். ஒரு கோல் என்பது பதினாறரை அடி.

"எரிஞ்சுபோனதுக்கு நகல் எங்க வச்சிருந்தாங்க?" என்று அவர் கேட்டார். பத்திரங்களுக்கு நகல் இல்லை. நில வரிப் பதிவேட்டின் நகல் மட்டும் ஆண்டுதோறும் ரிச்மண்டில் உள்ள மாநிலக் கணக்காயருக்குப் போய்க்கொண்டிருந்ததால், யாரிடம் எத்தனை ஏக்கர் இருந்தது என்பதையாவது அதிலிருந்து அறிய முடிகிறது. ஆனால் தலைநகர் பாதுகாப்பான இடம் என்றும் சொல்வதற்கில்லை. போருக்குப் பயந்து தங்கள் மூலப் பதிவேடுகளையே அங்கே அனுப்பிவைத்த வேறு சில கவுண்டிகள், 1865 ஏப்ரல் 3 அன்று ரிச்மண்ட் பற்றியெரிந்தபோது அவற்றை இழந்தன. படைகள் வந்து நின்ற இந்த ஊரில் பதிவேடுகள் போரைத் தாண்டிவிட்டன. பிறகு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, சண்டை சச்சரவு எதுவும் இல்லாத காலத்தில் எரிந்தன. மாமனார் அடுத்ததாக அந்த வரிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ரிச்மண்டில் உள்ள மாநில நூலகத்தில் அதை வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.