தகட்டைத் திருப்பிப் பாருங்கள்: இயற்கை நார் காம்போசிட்டில் துளையிட்ட ப்ராஜெக்ட் அனுபவம்

எம்.இ. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது கற்றாழை நாரை எபாக்சி ரெசினில் (இறுகும் பிசின்) வைத்து வார்த்த காம்போசிட் (கலப்புப் பொருள்) தகட்டில் துளையிடுவது. தண்டவாள ஓரத்தில் வேலி மாதிரி நிற்குமே, அந்த ரயில் கற்றாழையின் நார்தான். வாழை நார், தேங்காய் நார், சணல் என்று இதே வேலையில் இறங்கியிருக்கும் ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். நான் முதலில் எடுத்த ரீடிங் அத்தனையும் வீணாய்ப் போனது. அந்தத் தவறு உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துளையிடும் பிட் சுழலும் வேகம் 500, 1000, 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று); ஃபீடு, அதாவது பிட் கீழே இறங்கும் அளவு, நிமிடத்துக்கு 50, 100, 200 மி.மீ. டாகுச்சி எல்9 அட்டவணைப்படி (ஒன்பது சோதனைகளின் திட்டம்) வி.எம்.சி. என்ற கணினி மெஷினில் துளை போட்டு, விசையை அளக்கும் டைனமோமீட்டரில் த்ரஸ்ட் (பிட் தகட்டைக் கீழே தள்ளும் விசை) எடுத்தேன். வேகம் கூடக் கூட த்ரஸ்ட் அழகாக இறங்கியது. சந்தோஷமாகக் கிராஃப் போட்டுக்கொண்டு ரிவியூவுக்குப் போனேன். பேனலில் இருந்த ஒரு சார் கேட்டது ஒரே கேள்வி: "பிட் ஒரு சுத்து சுத்தும்போது எவ்வளவு கீழே இறங்குது?"

அங்கேயே பேப்பரில் கணக்குப் போட்டேன். 500-க்கு 50, 1000-க்கு 100, 2000-க்கு 200. மூன்றுமே ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. மூன்று வேறு ஃபீடு என்று நான் நினைத்தது நாருக்கு ஒன்றேதான். மறுபக்கம் 500-க்கு 200 கொடுத்த துளையில் அது 0.4, 2000-க்கு 50 கொடுத்ததில் 0.025. வேகத்தின் விளைவு என்று நான் காட்டிய இறக்கத்தில் பெரும்பகுதி ஃபீடு குறைந்ததால் வந்தது. வேகமும் ஃபீடும் பிரிக்க முடியாதபடி கலந்துபோயிருந்தன.

ஆகவே ஃபீடை எப்போதும் சுற்றுக்கு இத்தனை மி.மீ. என்றே முடிவு செய்யுங்கள். 0.05, 0.1, 0.2 என்று வைத்துக்கொண்டு, அதை ஆர்.பி.எம்.மால் பெருக்கி வருவதை ப்ரோக்ராமில் கொடுங்கள். 0.1 ஃபீடு, 2000 ஆர்.பி.எம். என்றால் எஃப்200 (நிமிடத்துக்கு 200 மி.மீ.). உங்கள் மெஷினில் ஜி95 (ஃபீடைச் சுற்றுக்கு மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும் கட்டளை) வேலை செய்தால் நேராகவே கொடுக்கலாம். ஒவ்வொரு துளைக்கும் இந்தப் பெருக்கலை நோட்டில் எழுதி வையுங்கள். வைவாவில் அந்தப் பக்கம் கைகொடுக்கும்.

அடுத்தது தகட்டின் அடிப்பக்கம். மேலே பார்த்தால் துளை சுத்தமாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். பிட்டின் நடுவில் இருக்கும் சிசல் எட்ஜ் அநேகமாக வெட்டுவதில்லை, தள்ளுகிறது. கடைசி ஒன்றிரண்டு அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது அந்தத் தள்ளலைத் தாங்க அடியில் எதுவும் கிடையாது. அடுக்கு பிய்ந்து வெளியே வருகிறது. டீலாமினேஷன் (அடுக்குப் பிரிதல்) என்று நாம் அளப்பதில் மோசமானது இதுதான். தகட்டுக்கு அடியில் ஒரு எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை ஒட்டினாற்போல் வைத்து இறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். ஆனால் வைத்தால் எல்லாத் துளைக்கும் வையுங்கள். பாதிக்கு வைத்து, பாதிக்கு வைக்காமல் விட்டால் அதுவும் ஒரு ஃபேக்டராகிவிடும் (முடிவை மாற்றும் காரணி).

கண்ணாடி நார் பற்றிய பேப்பர்களைப் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி நார் பிட்டின் விளிம்பு பட்டதும் முறிந்துவிடும். கற்றாழை நார் வளைந்து கொடுக்கும். மழுங்கிய அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்கினால் நார் அறுபடாமல் இழுத்துக்கொண்டே வருமே, அதே கதைதான். பிட் வரும்போது ஒதுங்கி, போனபின் துளைக்குள் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இயற்கை நார் கண்ணாடி அளவுக்குப் பிட்டைத் தேய்க்காது என்பது உண்மைதான். அதற்காகப் பழைய பிட்டையே ஓட்டாதீர்கள். இங்கே கூர்மைதான் எல்லாம். தச்சர்கள் மரத்துக்குப் போடும் பிராட் பாயின்ட் பிட்டையும் ஒரு லெவலாக (ஒப்பிட்டுப் பார்க்கும் வகைகளில் ஒன்றாக) எடுங்கள். அதன் ஓரக் கூர்முனைகள் துளையின் விளிம்பில் நாரை முதலில் அறுத்துவிடும்.

இந்த நீட்டிய நார் அளவையும் கெடுக்கும். டீலாமினேஷன் ஃபேக்டர் என்பது சேதத்தின் அதிகபட்ச விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுப்பது. 6 மி.மீ. துளையைச் சுற்றிச் சேதம் 7.2 வரை போயிருந்தால் 1.2. நான் 1200 டி.பி.ஐ. ஸ்கேனரில் படம் எடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் அளந்தேன். ஒரு பிக்சல் 0.021 மி.மீ., இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் வெளியே விழுந்து கிடக்கும் ஒற்றை நாரையும் சேர்த்து வட்டம் போட்டால் எண் எகிறிவிடும். நீட்டிய நார் வேறு, பிரிந்த அடுக்கு வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

தகடு வார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்.ஒய்.556 ரெசினுக்கு எச்.ஒய்.951 ஹார்டனர் (ரெசினை இறுக வைப்பது) எடைக்கணக்கில் 10-க்கு 1. ரெசின் நன்றாகப் பிடிப்பதற்காகக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்த நாரைச் சோடா போகும்வரை அலசி, ஓவனில் நன்றாகக் காயவைத்த பிறகே வார்க்கத் தொடங்குங்கள். ஈரம் இருந்தால் தகட்டுக்குள் குமிழி நிற்கும், அந்த இடத்தில் விழும் துளை பொய் சொல்லும். துளையிடும்போது கூலன்ட் வேண்டாம், நார் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். தூசி மூக்கில் ஏறாமல் மாஸ்க் போடுங்கள். கருகிய வாசனை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் சிதையத் தொடங்கிவிடும்.

அனோவா (எந்த ஃபேக்டரால் எவ்வளவு மாற்றம் என்று பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் முறை) போடுகிறவர்களுக்கு ஒன்று. எல்9-இல் மூன்று லெவல் கொண்ட நான்கு ஃபேக்டரை அடைத்தால் இருக்கிற 8 டிகிரி ஆஃப் ஃப்ரீடமும் (கணக்கிடக் கிடைக்கும் தனித்தனித் தகவல்கள்) தீர்ந்துவிடும், எரருக்கு, அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட, எதுவும் மிஞ்சாது. மினிடேப் மென்பொருளில், விளைவு தற்செயலா இல்லையா என்று காட்டும் எஃப், பி மதிப்புகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி வரும். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று துளை போட்டு 27 ரீடிங் எடுத்தால் எரருக்கு 18 கிடைக்கும். மறுமுறை நான் அப்படித்தான் செய்தேன், துளை போட்ட வரிசையையும் குலுக்கிவிட்டேன். தகட்டின் ஒரு மூலையில் ரெசின் கூடியிருந்தால் அதன் பாதிப்பு ஒரே லெவலின் தலையில் விழாது.

வைவாவுக்குத் தகட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் எண் எழுதியிருக்கட்டும். எனக்கு வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே தகட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். 14-ஆம் துளையில் விரல் வைத்து, "இதுக்கு எவ்வளவு ஃபீடு?" என்றார். சுற்றுக்கு 0.2 என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த துளைக்குப் போனார்.