முழங்கையை நீட்டு, பிள்ளை

சங்க மலருக்குப் பள்ளி நினைவுகளை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியோ பரிசளிப்பு விழாவைப் பற்றியோ எழுத எனக்குத் தோன்றவில்லை. அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். பள்ளி என்றதும் என் கண்முன் வந்து நிற்பது வாசலுக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடமும், அங்கே வெள்ளைக் கோலோடு நின்ற ஒரு பெரியவரும்தான்.

நான் அப்போது 7ஆம் வகுப்பு. பள்ளி விட்டு ஐந்தாறு பேராக வெளியே வந்தோம். அவர் சாலையோரத்தில் நின்று வாகன ஓசையைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உதவ வேண்டும் என்ற ஆவல் எனக்கு. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய், கோலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். இரண்டடி வைப்பதற்குள் நடைபாதையின் விளிம்பு தட்டி அவர் தடுமாறினார். எப்படியோ விழாமல் சமாளித்து நின்றார். பிறகு, கோபம் துளியும் இல்லாத குரலில் சொன்னார்: "கோலை விடு பிள்ளை, அது என்னுடைய கண். உன் முழங்கையை நீட்டு, நான் பிடித்துக்கொள்கிறேன்."

நீட்டினேன். தடவிப் பார்த்து என் உயரத்தை அறிந்துகொண்டவர், முழங்கையை விட்டுத் தோளில் கையை வைத்தார். பாரமே தெரியவில்லை. ஒரு எட்டு பின்னால் அவர் வர, சாலையைக் கடந்தோம். மறுபுறம் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நான் ஒரே ஓட்டமாகத் தோழிகளிடம் திரும்பிவிட்டேன். வந்து பார்த்தால், நான் நின்றிருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லியிருப்பார். அங்கே கேட்க யாரும் இல்லை.

அந்தக் காட்சி என்னை இரவெல்லாம் உறுத்தியது. மறுநாள் எங்கள் வகுப்பாசிரியையிடம் சொன்னேன். தமிழ் கற்பித்தவர், சத்தம் போட்டுப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அவர் என்னைக் கண்டிக்கவில்லை. அன்றைய இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்துவிட்டு, எங்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருத்தியின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டச் சொன்னார். மற்றவள் அவளைப் பள்ளி முழுவதும் அழைத்துப் போய்த் திரும்ப வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்த பிறகுதான் அந்தப் பெரியவருக்கு நான் செய்தது எனக்குப் புரிந்தது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் வயிறு கலங்குகிறது. முன்னால் நடப்பவரை நாம் பிடித்துக்கொண்டால் அச்சம் போய்விடுகிறது. அவர் உடல் திரும்புவதும் தயங்குவதும் நம் கைக்குத் தெரிந்துவிடுகிறது. படி வந்தால் ஒரு கணம் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்ல வேண்டும். ஒடுங்கிய வழி என்றால் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பின்னால் வருபவர் தாமாகவே நமக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். நாற்காலியில் பிடித்து அமர்த்தக் கூடாது. நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்துவிட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இதற்கெல்லாம் முன்பாக, உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். விடைபெறும்போது, "நான் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கோலின் கதையை நான் பிற்காலத்தில் படித்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் விபத்தொன்றில் பார்வையை இழந்தார். வீட்டைச் சுற்றி வாகனங்கள் பெருகி வந்த காலம். ஓட்டுபவர்களின் கண்ணில் தாம் பட வேண்டுமே என்று 1921இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டார். இன்று அக்டோபர் 15 வெள்ளைக் கோல் நாளாகப் பல நாடுகளில் நினைவுகூரப்படுகிறது. தடவி வழி அறிய எந்த நிறத்துக் கோலும் போதும். வெள்ளை நிறம் நமக்காக. நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மனிதர் தம் தடிக்கு நிறம் பூச வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் கனக்கிறது.

பார்ப்பதைப் பற்றி ஆசிரியை அடிக்கடி பேசுவார். கண்ணோட்டம் என்றால் ஒரு விஷயத்தைப் பார்க்கும் கோணம் என்றுதான் இப்போது பொருள் கொள்கிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதே சொல்தான் தலைப்பு; அங்கே அதன் பொருள் தாட்சண்யம், இரக்கம். கண் ஓடிப்போய் இன்னொருவர்மேல் படுகிறது, பட்ட இடத்தில் மனம் நெகிழ்கிறது என்று அவர் விளக்குவார். அந்த அதிகாரம் அரசியல் என்ற இயலில் வருகிறது, ஆள்பவனுக்குச் சொன்னது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவளும் அந்த நேரத்துக்கு ஓர் அரசிதான், அவளுக்கும் இது பொருந்தும் என்பார் அவர். இப்படிப் பாடம் நடத்தியவரிடம் படித்தது என் பாக்கியம்.

பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. "எழுந்த பிறகு அவர் பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்க்காதே. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கப் போகிறவள் போல வாசல் பக்கம் நகர்ந்துவிடு" என்பார். பெரிய வகுப்பு அக்காமார் சிலர், இது நடிப்பு அல்லவா என்று வாதாடினார்கள். நான் ஆசிரியையின் பக்கம்தான். இடம் பெற்றவர் வழியெல்லாம் நமக்குக் கடன்பட்டவர் போலக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாம் கொடுத்தது பாதி இடம்தான். உட்கார்ந்திருப்பவர் இளைஞர் என்பதற்காக அவரை முறைக்கவும் ஆசிரியை விடமாட்டார். வெளியே தெரியாத நோவு எத்தனையோ பேருக்கு உண்டு.

இவ்வளவு கற்றும் நான் தவறிய நாட்கள் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும். வெளிநாடு வந்து வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு காலை ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் குழந்தை வண்டியோடு ஒரு தாய் நின்றிருந்தார். மேலே பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் அவரைக் கண்டேன். கண்டும் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினேன். ரயில் பெட்டியின் கதவு மூடிய பிறகுதான் அவர் முகம் என் நினைவுக்கு வந்தது.

உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு அந்தக் காலையை விளக்கியது. பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற 40 மாணவர்களை ஒவ்வொருவராக இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். போகும் வழியில், வாசலொன்றில் ஒருவர் துவண்டு இருமிக்கொண்டிருந்தார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் அவருக்கு உதவ முன்வந்தனர். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அதுவும் அவர்களை நிறுத்தவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து பத்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். பிறரைக் கவனிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

எனக்குக் கிடைத்ததையும் சொல்கிறேன். அப்பா காலமான செய்தி வந்த அன்று, ரயிலில் அழுகையை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண்மணி ஒருமுறை என்னைப் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்துக் கைப்பையைத் திறந்து டிஷ்யூ பொதி ஒன்றை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த சிறு பலகையில், என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். நான் எடுத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் அந்தப் பெட்டியில் அத்தனை பேர் முன்னால் உடைந்து போயிருப்பேன். தம் நிலையம் வந்ததும், பொதியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

முன்பின் அறியாதவர்கள் பொது இடத்தில் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்து, நீயும் இங்கே இருக்கிறாய் என்று ஏற்றுக்கொண்டு, பிறகு பார்வையை விலக்கிக்கொள்வதற்குச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் ஒரு பெயர் கொடுத்தார். நாகரிகமான கவனமின்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம். உற்றுப் பார்த்தால் மனிதர் கூசிப் போகிறார். பார்க்கவே இல்லையென்றால் சுவராகிவிடுகிறார். வாசல் பக்கம் நகர்ந்துவிடு என்று எங்கள் ஆசிரியை சொன்னதும் இதைத்தானே!

சென்ற மாதம் வேலை முடிந்து ரயில் மேடையில் நின்றிருந்தேன். வெள்ளைக் கோலோடு ஓர் இளைஞர் வந்தார். பக்கத்தில் போய், உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நன்றி. எனக்கு இந்த வழி பழக்கம்தான்" என்றார். "சரி, நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அவர் கோலால் தட்டித் தட்டி, மேடையோரத்துப் புடைப்புக் கற்களின் வரிசையைப் பற்றிக்கொண்டு வந்தார். அந்த வரிசையின்மேல்தான் என் பெட்டியை வைத்திருந்தேன். குனிந்து அதை எடுத்து என் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அவர் கடந்து போனார்.